கேமிங் விழா டிக்கெட்டை ஆன்லைனில் பிடிப்பது: குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையிலும் பெங்களூரிலும் நடக்கும் கேமிங் விழாக்களுக்கு, காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் காமிக் கான் விழாவோடு சேர்ந்து நடக்கும் கேமிங் அரங்குகளுக்கு, வெளிநாட்டுப் பெரிய விழாக்களுக்கு என்று எல்லாவற்றுக்கும் டிக்கெட் விற்பனை இப்போது ஆன்லைனில்தான். நாகர்கோவிலில் இருப்பவரும் நுங்கம்பாக்கத்தில் இருப்பவரும் ஒரே வரிசை. ஆனால் நமக்குக் கூடுதலாகச் சில சிக்கல்கள் உண்டு: மழை, மின்தடை, ஓடிபி போகும் அப்பா நம்பர் கல்ஃபில், 700 கிலோமீட்டர் ரயில் பயணம். வரிசையில் பின்னால் நின்று டிக்கெட் கிடைக்காமல் போனால் அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வரிசை நகர்ந்து, உள்ளே போய், பணம் கட்டும் பக்கத்தில் கோட்டை விடுவதுதான் தாங்க முடியாத வருத்தம். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைப் பற்றியவை.

விற்பனை மதியம் 12 மணிக்கு. சரியாக 12 அடிக்கும் நொடியில் பட்டனை அழுத்தினால் நான்தானே முதல் ஆள்?

இல்லை. கூட்டம் அதிகம் வரும் விற்பனைகளில் இப்போது காத்திருப்பு அறை என்ற ஏற்பாடு இருக்கிறது. விற்பனை தொடங்குவதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னால் அந்தப் பக்கம் திறக்கும். அதற்குள் வந்து உட்காரும் எல்லோரும் ஒரே கூட்டம்தான், 11.10-க்கு வந்தவர், 11.58-க்கு வந்தவர் என்ற வித்தியாசம் கிடையாது. மணி 12 ஆனதும் கணினி எல்லோரையும் குலுக்கிப் போட்டு ஆளுக்கொரு வரிசை எண் கொடுக்கும். 12 மணி ஒரு நொடிக்கு வருகிறவர் அந்தக் குலுக்கலில் சேரவே மாட்டார், கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நிற்பார்.

அதனால் நீங்கள் கவனிக்க வேண்டிய நேரம் 12.00 அல்ல, 11.45. அதற்குள் லாகின் செய்து, காத்திருப்பு அறையில் இருந்துவிட வேண்டும். விரல் வேகத்துக்கு இங்கே வேலை இல்லை.

காத்திருப்பு அறை வைக்காத தளங்களும் உண்டு. அங்கே மட்டும்தான் 12 மணி நொடிக்கணக்கு செல்லுபடியாகும். அந்த மாதிரி இடத்தில் போன் கடிகாரம் தானாக நேரம் எடுக்கும் அமைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். கையால் வைத்த கடிகாரம் ஒன்றிரண்டு நிமிடம் தள்ளி ஓடுவது சாதாரணம்.

எனக்கு முன்னால் 40,000 பேர் என்று காட்டுகிறது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். அந்த எண்ணில் ஒரே ஆள் லேப்டாப்பில் ஒன்று, போனில் ஒன்று என்று நின்றிருப்பார். ஒன்றில் டிக்கெட் எடுத்ததும் மற்றதைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். சலித்துப்போய் மூடுகிறவர்கள் வேறு. அப்படிப்பட்டவர்களின் முறை வரும்போது யாரும் உள்ளே வராததால் வரிசை திடீரென்று ஆயிரக்கணக்கில் சரியும். 2024 செப்டம்பரில் கோல்ட்ப்ளே மும்பை கச்சேரி டிக்கெட்டுக்கு வரிசை எண் லட்சங்களில் காட்டியது நாடு முழுக்கப் பேச்சாக இருந்தது. ஆனால் கச்சேரி அரங்கத்து இருக்கையையும் விழாத் திடலையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. கேமிங் விழாவில் இருக்கை கிடையாது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் நுழைவுச்சீட்டு விற்பார்கள். வரிசை நகரும் வேகத்தைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எத்தனை டேப் திறந்து வைக்கலாம்?

ஒரே பிரவுசரில் பத்து டேப் திறந்தாலும் உங்களுக்கு ஒரே எண்தான். வரிசை எண் பிரவுசருக்குள் ஒரு குக்கீயாக, அதாவது தளம் விட்டுவைக்கும் சின்னக் குறிப்பாகப் பதிந்திருக்கும், எல்லா டேப்பும் அதைத்தான் படிக்கும். அதிலும், ஒரு டேப்பில் முன்னேறிவிட்டு இன்னொன்றில் பழைய பக்கத்தைத் தொட்டால் தளம் குழம்பி உங்களை வெளியே தள்ளும் அபாயம் இருக்கிறது. லேப்டாப் ஒன்று, போன் ஒன்று, இரண்டும் வேறு வேறு இணைப்பில். அது போதும். சில தளங்கள் ஒரு கணக்கு ஓரிடத்தில் மட்டுமே என்று கறாராக இருக்கும். விதிமுறைப் பக்கத்தை முந்தின நாளே படித்துக்கொள்ளுங்கள்.

இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் வேண்டாம். ரோபோக்களைத் தடுக்க வைத்திருக்கும் சோதனையில் அதுதான் முதலில் மாட்டும். மறைநிலை (இன்காக்னிட்டோ) ஜன்னலும் வேண்டாம்; தவறி மூடினால் குக்கீயோடு உங்கள் இடமும் போய்விடும்.

பக்கம் அசையாமல் நிற்கிறது. ரிஃப்ரெஷ் செய்யலாமா?

வரிசைப் பக்கத்தில் ‘இந்தப் பக்கம் தானாகப் புதுப்பிக்கும்’ என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள். கடைசியாகப் புதுப்பித்த நேரம் ஓரமாகக் காட்டும். அது ஐந்து நிமிடத்துக்கு மேல் மாறாமல் இருந்தால் நெட் போயிருக்கிறது என்று பொருள். அப்போது நெட்டைச் சரிசெய்துவிட்டு ஒருமுறை ரிஃப்ரெஷ் செய்யலாம், குக்கீ இருப்பதால் இடம் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

பணம் கட்டும் பக்கத்தில் மட்டும் ரிஃப்ரெஷும் கிடையாது, பின்னால் போகும் பட்டனும் கிடையாது. அங்கே கை வைத்தால் கூடையில் இருந்த டிக்கெட் கைவிட்டுப் போகும்.

எங்கள் ஊர் நெட்டை நம்பலாமா? மழை பெய்தாலே போய்விடுகிறது.

டிக்கெட் எடுக்க வேகம் அதிகம் தேவையில்லை. 5 எம்பிபிஎஸ் விட்டுப்போகாமல் ஓடினால், அடிக்கடி அறுபடும் 200 எம்பிபிஎஸ்ஸைவிட நல்லது. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனிலிருந்து டிசம்பர் வரைக்கும் எந்த மத்தியானமும் இடி வரலாம். ஆகவே இரண்டு இணைப்பு வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டு ஃபைபர் ஒன்று, வேறு கம்பெனி சிம்மில் மொபைல் டேட்டா ஒன்று. ஒரே கம்பெனியின் ஃபைபரும் சிம்மும் இருந்தால், அந்தக் கம்பெனிக்குக் கோளாறு வரும்போது இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும்.

மின்தடைக்கு ரூட்டர் மினி யுபிஎஸ், அதாவது கரண்டு போனாலும் மோடத்தை ஓட்டும் சின்ன பேட்டரிப் பெட்டி, நல்ல பொருள். வாங்கும் முன் உங்கள் ஃபைபர் மோடத்தின் அடாப்டரைக் கழற்றிப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும். ஆம்பியர் 1, 1.5 அல்லது 2. யுபிஎஸ்ஸின் வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். வோல்ட் மாறினால் மோடம் கருகும். குத்தும் பின்னின் தடிமனையும் பொருத்திப் பாருங்கள், பாதி பேர் அதை மறந்துவிட்டுக் கடைக்குத் திரும்ப நடக்கிறார்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் வீட்டில் மோடம் ஓடினாலும், தெருமுனையில் கேபிள்காரரின் பெட்டிக்குக் கரண்டு இல்லையென்றால் நெட் வராது. அப்போது மொபைல் டேட்டாதான் துணை.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் பேப்பரில் முன்கூட்டியே வரும். பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கி மத்தியானம் வரை நீளும். விற்பனையும் அதே நேரம்தான். உங்கள் துணைமின் நிலையத்தின் பெயர் பட்டியலில் இருந்தால் வேறு ஊரில் இருக்கும் சித்தி வீட்டுக்கோ நண்பர் வீட்டுக்கோ அன்றைக்குப் போய்விடுங்கள்.

இடி இடிக்கும்போது மோடத்தைப் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். டிக்கெட் பெரிதுதான், வீட்டுச் சாமானும் பெரிது.

களியக்காவிளை, கொல்லங்கோடு, பனச்சமூடு பக்கம் இருப்பவர்களுக்கு: போன் சில நேரம் கேரளத்துக் கோபுரத்தைப் பிடிக்கும், சில நேரம் நம்முடையதை. பணம் எதுவும் கூடுதலாகப் பிடிக்க மாட்டார்கள். மாறுகிற அந்தக் கணத்தில் டேட்டா ஒரு நொடி அறுபடும். வீட்டில் சிக்னல் நிலையாக நிற்கும் இடத்தை முந்தின நாளே கண்டுபிடித்து, விற்பனை முடியும் வரை அங்கேயே உட்காருங்கள். 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறிமாறித் தாவுகிற போனை 4ஜியில் நிறுத்தி வைப்பது நல்லது. பேச்சிப்பாறை, கடையாலுமூடு போன்ற மலையோர ஊர்க்காரர்கள் அன்றைக்குக் குலசேகரத்துக்கு இறங்கிவிடுவது உத்தமம்.

“ஓடிபி அப்பாக்க போனுக்குத்தான் போவுது. அப்பா குவைத்துல. என்ன செய்ய?”

நம் மாவட்டத்தில் இது மற்ற ஊர்களைவிட அதிகம். வங்கிக் கணக்கு அப்பா பெயரில், கணக்கோடு சேர்த்த நம்பர் அப்பாவிடம், அப்பா கல்ஃபில். தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் என்றால் அப்பா ஆழ்கடலில். கரை திரும்பும் வரை வாரக்கணக்கில் அந்த நம்பருக்கு எதுவும் போகாது.

அப்பா வெளிநாட்டில் இருந்தால், அந்த இந்திய சிம்முக்கு ரீசார்ஜ் தீராமல் இருக்கிறதா, ரோமிங் இயக்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு வாரம் முன்பே கேளுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மெசேஜ் போய்ச் சேரும், ஆனால் தாமதமாகலாம். ஓடிபியின் ஆயுள் சில நிமிடம்தான். விற்பனைக்கு முந்தின நாள் சின்னத் தொகைக்கு ஏதாவது ஒன்றை அந்தக் கார்டில் வாங்கி, மெசேஜ் போக எவ்வளவு நேரம் ஆகிறது, அப்பா அதை வாட்ஸாப்பில் திருப்பி அனுப்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து பாருங்கள். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் அந்த வழியை விட்டுவிடுங்கள். குவைத் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். இங்கே மதியம் 12 என்றால் அங்கே காலை 9.30, அப்பா வேலையில் இருப்பார், போன் லாக்கரில் இருக்கும்.

உறுதியான வழி, உள்ளூரில் இருக்கும் ஒருவரின் கணக்குக்குத் தொகையை முன்பே மாற்றி வைப்பது. அம்மா, மாமா, அக்கா, யாராக இருந்தாலும் சரி. அந்த நம்பருள்ள போன் விற்பனை நேரத்தில் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அம்மாவின் போன் என்றால் ரேஷன் கடைக்கு அதைக் கொண்டுபோய்விடாமல் காலையிலேயே சொல்லி வையுங்கள்.

டிக்கெட் தளத்தில் உங்கள் கணக்கைத் திறக்கவும் ஓடிபி வரும். அதில் கொடுத்த நம்பர் எது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பழைய நம்பரைக் கொடுத்துவிட்டு மறந்தவர்கள் வாசலிலேயே நின்றுபோகிறார்கள்.

பணம் எதில் கட்டுவது நல்லது? யுபிஐயா, கார்டா?

உள்நாட்டு விழாவுக்கு யுபிஐ. ஆனால் எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரே போனில் வரிசையும் நின்று, யுபிஐ ஆப்பும் திறப்பது ஆபத்து. 3 அல்லது 4 ஜிபி ராம் உள்ள ஆண்ட்ராய்டு போனில், யுபிஐ ஆப் திறந்ததும் இடம் போதாமல் பின்னால் இருக்கும் பிரவுசரைப் போன் மூடிவிடும். பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்பி வந்தால் பக்கம் புதிதாக லோடு ஆகும், ‘உங்கள் நேரம் முடிந்தது’ என்று நிற்கும். அதனால் வரிசை லேப்டாப்பில் நிற்கட்டும். பணம் கட்டும் பக்கத்தில் யுபிஐ க்யூஆரைத் தேர்ந்தெடுங்கள், திரையில் வரும் கட்டத்தைப் போன் கேமராவால் நேராக ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து கேலரியிலிருந்து ஸ்கேன் செய்தால் சில நேரம் தொகை வரம்பு குறுக்கே வரும். லேப்டாப் இல்லாவிட்டால் இன்னொரு போனில் வரிசை நில்லுங்கள். ஒரே போன்தான் என்றால், மற்ற ஆப்கள் எல்லாவற்றையும் மூடி, பேட்டரி சேமிப்பு முறையை அணைத்து, திரை அணையும் நேரத்தை 10 நிமிடம் ஆக்கி வையுங்கள்.

புதுப் போனுக்கு மாறுவதாக இருந்தால் விற்பனை முடிந்து மாறுங்கள். புதுப் போனில் யுபிஐயைப் பதிவு செய்தால் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்தான் வரம்பு. நான்கு பேருக்கு டிக்கெட் எடுக்கப் போய் இந்த வரம்பில் முட்டிக்கொள்வது பரிதாபம்.

ஒரு வங்கியை மட்டும் நம்பாதீர்கள். வங்கி சர்வர் நின்றால் எந்த ஆப்பில் போட்டாலும் போகாது, ஆப்பை மாற்றுவதால் பயனில்லை. வங்கியை மாற்ற வேண்டும். இரண்டு வங்கிக் கணக்கிலும் முழுத்தொகையும் இருக்கட்டும். தொகையைக் கணக்கிடும்போது டிக்கெட் விலையோடு இணையச் சேவைக் கட்டணத்தையும் அதற்கான ஜிஎஸ்டியையும் சேருங்கள். விளம்பரத்தில் 899 என்று இருப்பது கடைசிப் பக்கத்தில் ஆயிரத்தை நெருங்கலாம், 900 மட்டும் வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

கார்டில் கட்டுவதாக இருந்தால், ஆன்லைன் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று வங்கி ஆப்பில் பாருங்கள். 2020 மார்ச்சிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதிதாகத் தரும் கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை இயந்திரத்திலும் மட்டும் வேலை செய்யும். ஆன்லைனையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் நாம்தான் திறக்க வேண்டும்.

கூடையில் டிக்கெட் சேர்ந்ததும் ஓடும் கடிகாரம் தளத்துக்குத் தளம் மாறும். 5 நிமிடம், 8 நிமிடம், 10 நிமிடம். வருகிறவர்கள் எல்லோரின் பெயர், பிறந்த தேதி, போன் நம்பர், மெயில், முகவரியை முன்பே ஒரு குறிப்பில் தட்டச்சு செய்து வையுங்கள், ஒட்டினால் போதும். பிரவுசர் தானாக நிரப்பும்போது ஒரு தரம் கண்ணை ஓட்டிப் பாருங்கள். பெயருக்கு இருக்கும் கட்டத்தில் ஊரையும், பின்கோடு இருக்கும் இடத்தில் வீட்டு எண்ணையும் போட்டுவிடும்.

“பணம் போயிட்டு, டிக்கெட் வரல்ல.”

முதலில் இரண்டாவது முறை கட்டாதீர்கள். பதினைந்து நிமிடம் பொறுங்கள். மெயிலையும் ஸ்பேம் பெட்டியையும், தளத்தில் ‘என் முன்பதிவுகள்’ பகுதியையும் பாருங்கள். பக்கம் பாதியில் நின்றாலும் பின்னால் டிக்கெட் பதிவாகியிருப்பது உண்டு. நான்கு டிக்கெட்டுக்குப் பதற்றத்தில் திரும்பக் கட்டினால் எட்டு டிக்கெட் கையில் நிற்கும், பல விழாக்களில் பணம் திரும்பாது.

வரவில்லை என்று உறுதியானால் என்ன நடந்தது என்று பிரித்துப் பாருங்கள். உங்கள் கணக்கில் பிடித்தார்கள், விற்பவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அது வங்கிப் பக்கத்துச் சிக்கல். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் விதிப்படி, யுபிஐயோ ஆன்லைன் கார்டு பரிவர்த்தனையோ, பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் ஈடு தர வேண்டும். யுபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க எண் ஒன்று இருக்கும், யுடிஆர் என்பார்கள். அதை எழுதிக்கொண்டு ஆப்பிலேயே புகார் பதியுங்கள், பிறகு வங்கியில். வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணம் கிடையாது.

விற்பவருக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது, டிக்கெட் மட்டும் உருவாகவில்லை என்றால் அவர்கள்தான் திருப்பித் தர வேண்டும். அவர்களின் உதவிப் பக்கத்தில் யுடிஆர் எண்ணோடு எழுதுங்கள். ‘பணம் திரும்ப உதவுகிறோம்’ என்று சமூக ஊடகத்தில் தானாக வந்து பேசுகிறவர் யாராக இருந்தாலும் திருடர்தான். கூகுளில் தேடிக் கிடைக்கும் வாடிக்கையாளர் சேவை எண்ணையும் நம்பாதீர்கள், டிக்கெட் தளத்துக்குள்ளே இருக்கும் எண் மட்டும்.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து போகிறோம். யார் எடுப்பது?

ஐந்து பேரும் அவரவர் கணக்கில், அவரவர் வீட்டில் வரிசை நில்லுங்கள். குலுக்கலில் யாருக்கு நல்ல எண் விழும் என்று தெரியாது. குரூப் காலில் இருங்கள். 12 மணிக்கு எண் வந்ததும் ஒவ்வொருவரும் சொல்லுங்கள், எண் குறைந்த இருவர் மட்டும் எல்லோருக்கும் வாங்கட்டும். முதல் ஆள் ‘பணம் போயிட்டு, உறுதி மெயில் வந்துட்டு’ என்று சொல்லும் வரை இரண்டாவது ஆள் கூடையில் வைத்துக்கொண்டு காத்திருக்கட்டும். ‘கிடைச்சிடும் போல இருக்கு’ என்ற பேச்சை நம்பி மற்றவர்கள் வரிசையை விட்டு வெளியேற வேண்டாம்.

ஒரு கணக்குக்கு எத்தனை டிக்கெட் என்ற வரம்பைப் பாருங்கள். வரம்பு நான்கு என்றால் ஐந்தாவது ஆளுக்கு என்ன செய்வது என்பதை 12 மணிக்குப் பேச நேரம் இருக்காது. சனி தீர்ந்தால் ஞாயிறா, சாதா டிக்கெட் தீர்ந்தால் கூடுதல் விலையா, ஒருவருக்கு மட்டும் கிடைக்காவிட்டால் எல்லோரும் விடுவதா என்று முந்தின இரவே பேசி, ஒரு மெசேஜாக எழுதி வையுங்கள். நட்பு கெடுகிற இடம் பெரும்பாலும் இதுதான்.

எந்த நாள் டிக்கெட் முதலில் தீரும்?

சனிக்கிழமை. பெரும்பாலும் அப்படித்தான். நினைவுப் பொருட்களோடு வரும் அதிக விலை டிக்கெட் எண்ணிக்கை குறைவு என்பதால் அதுவும் சீக்கிரம் போகும். விளையாடிப் பார்க்கும் அரங்குகள்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் ஞாயிறு நல்ல நாள். மத்தியானத்துக்கு மேல் கூட்டம் கலையும்.

ரயில் டிக்கெட் முதலா, விழா டிக்கெட் முதலா?

விழா தேதி அறிவித்துவிட்டார்கள், டிக்கெட் விற்பனை இன்னும் தொடங்கவில்லை என்றால் ரயில் முதல். ரயில் டிக்கெட்டைப் பல நாள் முன்பே ரத்து செய்தால் ஆளுக்குச் சிறு தொகை போகும், மீதி திரும்பும். விழா டிக்கெட்டுக்கு அந்த வசதி பெரும்பாலும் இல்லை.

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால்தான் திறக்கிறது, பயண நாளைச் சேர்க்காமல். பிப்ரவரி 20 வெள்ளிக்கிழமை நாகர்கோவிலில் ஏற வேண்டுமென்றால் டிசம்பர் 22 காலை 8 மணி. வார இறுதியில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஸ்லீப்பர் கண் மூடித் திறப்பதற்குள் தீரும், பொங்கலை ஒட்டினால் கேட்கவே வேண்டாம். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை முன்பே சரிபார்த்து வையுங்கள். 2025 ஜூலையிலிருந்து ஆன்லைன் தட்கலுக்கு அது கட்டாயம், முன்பதிவு திறக்கும் நேரத்துக்கும் தேவைப்படும். தட்கல் முந்தின நாள் காலை, ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. நாகர்கோவில் சந்திப்பில் கிடைக்காவிட்டால் கன்னியாகுமரியிலிருந்து எடுத்து, ஏறும் இடத்தை நாகர்கோவில் என்று கொடுத்துப் பாருங்கள். நிலையத்துக்கான ஒதுக்கீடு மாறும்.

2024 ஆகஸ்ட் 31-ல் தொடங்கிய வந்தே பாரத், புதன் தவிர மற்ற நாட்களில் மத்தியானம் நாகர்கோவிலில் கிளம்பி இரவு 11 மணியளவில் எழும்பூர் போகும். அந்நேரத்தில் இறங்கித் தங்க இடம் இருந்தால் மட்டும் அது சரி. இரவு ரயிலில் போனால் காலையில் நேராக அரங்குக்குப் போகலாம். விழா நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் என்றால், எழும்பூரிலிருந்து மெட்ரோவில் ஆலந்தூர், அங்கிருந்து ஆட்டோ அல்லது பஸ். வடசேரியிலிருந்து அரசு விரைவுப் பேருந்தில் போனால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து நந்தம்பாக்கம் பக்கத்தில் இல்லை, ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள்.

பெங்களூருக்கு ஐலண்ட் எக்ஸ்பிரஸ் கேரளம் சுற்றிப் போகும், நேரம் பிடிக்கும். ஆனால் குழித்துறை, இரணியலில் ஏறுகிறவர்களுக்கு அதுதான் வசதி.

வெளிநாட்டு விழாவுக்கு இங்கிருந்து டிக்கெட் எடுக்க முடியுமா?

முடியும். ஜெர்மனியின் கொலோன் நகரில் 2009 முதல் ஆகஸ்டில் நடக்கும் கேம்ஸ்காம் மிகப் பெரியது, 2024-ல் 3,35,000 பேர் வந்தார்கள். அமெரிக்காவில் 2004-ல் தொடங்கிய பாக்ஸ் விழாவின் பேட்ஜுக்கு, அதாவது நுழைவுச்சீட்டுக்கு, போட்டி கடுமை. ஜப்பானில் டோக்கியோ கேம் ஷோ.

நேரத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். பாக்ஸ் நடக்கும் சியாட்டிலில் காலை 10 என்றால் அங்கே கோடைக்காலத்தில் நமக்கு இரவு 10.30; நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் வரை 11.30. கொலோனில் காலை 10 என்றால் கோடையில் நமக்கு மதியம் 1.30, குளிர்காலத்தில் 2.30. டோக்கியோ மாறாது, அங்கே காலை 10 நமக்கு 6.30. மார்ச்சிலும் அக்டோபர், நவம்பரிலும் கடிகாரத்தை அவர்கள் மாற்றும் வாரங்களில் இரண்டு தரம் சரிபாருங்கள்.

யுபிஐ அங்கே கைகொடுக்காது. வெளிநாட்டுப் பயன்பாடு திறந்த விசா அல்லது மாஸ்டர் கார்டு வேண்டும். முகவரி கேட்டால் வங்கி ஸ்டேட்மென்ட்டில் உள்ளதையே எழுத்து மாறாமல் கொடுங்கள், இல்லாவிட்டால் கார்டைத் தள்ளிவிடும். நாணய மாற்றுக்கு வங்கிகள் பொதுவாக 2 முதல் 3.5 சதவீதம் பிடிக்கும், அந்தப் பிடித்தத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. சில வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்காமலே பணத்தை எடுக்கும். பயப்பட வேண்டாம், ஆனால் வேலை முடிந்ததும் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திரும்ப அடைத்துவிடுங்கள்.

டிக்கெட் கையில் இருப்பதால் விசா கிடைத்துவிடாது. ஜெர்மனிக்கான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்தாக வேண்டும்; கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. ஆகஸ்ட் விழாவுக்கு மார்ச்சிலேயே தேதி தேடத் தொடங்குங்கள்.

எல்லாம் தீர்ந்துவிட்டது. இனி வழியே இல்லையா?

‘தீர்ந்தது’ என்று வந்த பிறகும் இருபது நிமிடம் இருங்கள். அந்த நேரத்தில் நூற்றுக்கணக்கான டிக்கெட் மற்றவர்களின் கூடையில் நிற்கிறது. அவர்களின் ஓடிபி வராமல், நேரம் முடிந்து, டிக்கெட் விற்பனைக்குத் திரும்பி வரும். பிறகு சில நாள் கழித்து அமைப்பாளர்கள் இரண்டாம் தவணை விடுவதும் உண்டு. அவர்களின் அதிகாரபூர்வக் கணக்கைப் பின்தொடர்ந்து, அறிவிப்பைத் திறந்து வையுங்கள்.

இன்ஸ்டாகிராமில் ஒருவர் கூடுதல் டிக்கெட் இருக்கிறது என்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். க்யூஆர் கட்டத்தின் படத்தை ஐந்து பேருக்கு விற்றால், வாசலில் முதலில் ஸ்கேன் ஆகிறவர் மட்டும் உள்ளே போவார். மற்ற நான்கு பேரும் 700 கிலோமீட்டர் வந்துவிட்டு வெளியே நிற்பார்கள். டிக்கெட்டில் பெயர் இருந்து, அடையாள அட்டையோடு ஒத்துப்பார்த்தால் அந்த முதல் ஆளும் வெளியேதான். தளத்திலேயே அதிகாரபூர்வமாகப் பெயர் மாற்றும் வசதி இருந்தால், அதன் வழியாக, தெரிந்தவரிடம் மட்டும் வாங்குங்கள்.

பணம் பெற யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. ‘திருப்பி அனுப்புகிறேன், இதை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்’ என்றால் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். வெட்கப்பட்டு ராத்திரி வரை மறைத்து வைக்காதீர்கள்.

மகனுக்கு 14 வயது. அவன் பெயரில் எடுக்கலாமா?

டிக்கெட் அவன் பெயரில், கணக்கும் பணமும் உங்கள் பெயரில். எந்த வயதுக்குக் கீழே பெரியவர் துணை வேண்டும் என்பது விழாவுக்கு விழா மாறும். துணைக்குப் போகும் உங்களுக்கும் டிக்கெட் தேவையா என்று பாருங்கள். ஆதாரில் இருப்பது போலவே பெயரை எழுதுங்கள். இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்ற குழப்பத்தை வாசலில் நின்று தீர்க்க முடியாது.

டிக்கெட் வந்துவிட்டது. இனி என்ன?

மெயிலைத் திறந்து தேதி, நாள், பெயர், எண்ணிக்கை சரியா என்று அப்போதே பாருங்கள். திருத்தம் கேட்கும் காலம் குறைவு. பிடிஎஃப்பைப் போனில் இறக்கி வையுங்கள், கூட வருகிற ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். அரங்க வாசலில் பத்தாயிரம் போன் ஒரே கோபுரத்தில் தொங்கும்போது மெயில் திறக்காது. ஒரு காகிதப் பிரதியும் எடுத்துக்கொள்ளுங்கள், ஜெராக்ஸ் கடையில் சில ரூபாய்தான். மடிக்கும்போது மடிப்பு க்யூஆர் கட்டத்தின் நடுவே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.